அக்கா நிறுத்துகிற இடம்

லேப்டாப்பின் நீளமான ஸ்பேஸ் பட்டன் மேல் என் ஆள்காட்டி விரல் பட்டும் படாமலும் நின்றது. விரல் நுனியில் வேர்வை. கோயிலுக்குள் மல்லிகை, சாம்பிராணி, பிரிக்காத மடிப்போடு கட்டிய பட்டுச் சேலைகளின் வாசனை. மின்விசிறிகள் சுற்றின, காற்றுதான் வரவில்லை.

எனக்கு முன்னால் அக்கா பாட்டுக்கு வாசிக்கிற கீபோர்டு துணி போர்த்திக் கிடந்தது. அதன் மேல் என் கடை லேப்டாப். கீபோர்டு ஸ்டாண்டின் ஓரத்தில் ஒரு பைக் கண்ணாடியைத் திருகி வைத்திருந்தார்கள். வாசிக்கிறவர் பீடத்தைப் பார்த்து உட்காருவதால் முதுகுக்குப் பின்னால் வருகிறவர்கள் தெரியமாட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால்தான் வாசல் தெரியும்.

அந்தக் கண்ணாடிக்குள் ரெஜினா அக்கா நின்றாள். இடது கையில் அவள் மகள் ஜெனியின் வலது கை. இருவரும் என் விரலுக்காகக் காத்திருந்தார்கள்.

நான் அழுத்தினேன்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சென்ற வாரம் அரூர் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்ட கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு இவ்வளவு கோபம் வருமா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வரும். இந்த வாரக் கதையும் கோபத்தில் ஒத்துக்கொண்ட வேலையைப் பற்றியதுதான்.

ஆல்பத்தில் ஒரு தோள்

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் கடைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். எழுத்து கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்திருந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் என்னைக் கவிழ்க்கப்போகிறது.

எங்கள் ஊர் அங்கிருந்து கொஞ்சம் உள்ளே. தக்காளியும் கேழ்வரகும் போடுகிற குடும்பங்கள், நடுவில் ஒரு மாதா கோயில். அந்தக் கோயிலில் என் அக்கா ரெஜினாதான் கீபோர்டு. கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவரிடம் சின்ன வயதில் கற்றுக்கொண்டாள். இடது கையில் சுண்டு விரலால் தொடவேண்டிய அடிச்சுரத்தைப் பெருவிரலால் தொடுவாள். சிஸ்டர் திட்டியும் பார்த்தார், ஸ்கேலால் தட்டியும் பார்த்தார். பெருவிரல் மாறவில்லை.

பாட்டு ஆரம்பிக்கும் முன் அந்தப் பெருவிரலால் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு ஒரு நொடி நிற்பாள். பாடகர் குழுவுக்கு அதுதான் சைகை. "ஒன், டூ" என்று யாரும் எண்ணியதில்லை.

ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் அக்காதான் வாசிப்பாள், அதனால் எந்தக் கல்யாண ஃபோட்டோவிலும் அவள் இருக்கமாட்டாள். என் கல்யாணத்துக்கும் அவள்தான் வாசித்தாள். என் ஆல்பத்தில் ஒரே ஒரு படத்தில் அவளுடைய வலது தோள் மட்டும் இருக்கிறது. அதுவும் ஃபோட்டோகிராஃபர் கை தவறி எடுத்தது.

"ஒவ்வொரு பொண்ணும் வர்றப்ப நான் முதுகத்தான் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கறன்" என்று ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் அருள் மாமா, அவள் வீட்டுக்காரர், தன் பைக்கில் இருந்த ஒரு கண்ணாடியைக் கழற்றி வந்து ஸ்டாண்டில் மாட்டினார். பிறகு ஒற்றைக் கண்ணாடி வண்டியோடு போலீஸிடம் மாட்டிக்கொண்டு அசடு வழிந்தார். அப்படிப்பட்ட மனிதர்.

ஜெனி நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது அவர் மாரடைப்பில் போய்விட்டார். கண்ணாடி மட்டும் அங்கேயே இருக்கிறது.

யாரும் வாயில் எடுக்காத வார்த்தை

ஜெனிக்குக் கல்யாணம் முடிவானதும் அருள் மாமாவின் அண்ணன் சூசை மாமா ஓசூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர்தான். ஜெனியின் படிப்புக்கு ஓடி ஓடிச் செய்தவர். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பேச்சுப் போல ஆரம்பித்தார்.

"கோயிலுக்குள்ள பொண்ணை நான் கூட்டிட்டு வந்தர்றன். தம்பி எடத்துல நான் இருக்கறன்ல? ரெஜினா கீபோர்டுல உக்காந்துக்கட்டும். அது வாசிக்கலைன்னா நம்ம கோயில்ல கல்யாணமே களை கட்டாதுங்களே."

எல்லோரும் டீயைப் பார்த்தார்கள். விதவை என்ற வார்த்தையை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. நாங்கள் கோயில் மணி கேட்டு வளர்ந்த குடும்பம். பூசையில் எல்லோரும் சமம் என்று பங்குச் சாமியார் சொன்னால் தலையாட்டுவோம். ஆனால் தாலி கட்டப் போகிற பெண்ணின் கையைப் புருஷன் இல்லாதவள் பிடித்து வருவதா என்ற கேள்வி மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. அதை மூடி மறைக்க அந்தக் கீபோர்டு வசதியாக இருந்தது.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க மாமா" என்றாள்.

எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முதலில் பேசியவள் ஜெனி.

"பெரிப்பா, என்னை அம்மாதான் கூட்டிட்டு வரணும். அம்மா வரலைன்னா நான் தனியா நடந்து வந்துக்கறன்."

"அப்பப் பாட்டு யாரு கண்ணு வாசிக்கறது?"

முகூர்த்த நாள் என்பதால் டவுனில் வாசிக்கிறவர்கள் எல்லாம் வேறு வேறு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். பெண் உள்ளே வரும்போது பாடுகிற எங்கள் வருகைப் பாட்டோ ஊர் உபதேசியார் ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டியது. எங்கள் கோயிலைத் தாண்டி யாருக்கும் தெரியாது, யூடியூபில் தேடினாலும் கிடைக்காது. பின்னணி இல்லாமல் பாடலாம் என்றால், பாடகர் குழுவை நடத்துகிற லூர்து அண்ணன் சரணத்துக்குச் சரணம் சுதியை ஏற்றிக்கொண்டே போய் கடைசியில் யாரும் எட்ட முடியாத இடத்தில் நிற்பார்.

"பாட்டை நான் பாத்துக்கறன்" என்றேன்.

"நீ வாசிப்பியாம்மா புஷ்பா?" சூசை மாமா சிரித்தார்.

"கம்ப்யூட்டர் வாசிக்கும். அக்கா பீடம் வரைக்கும் பொண்ணைக் கூட்டிட்டு வரட்டும். அப்பறம் வந்து மிச்சப் பாட்டை வாசிக்கட்டும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது ஒழுங்கா வாசிச்சுதுன்னா சரி. நடுவுல நின்னு மானம் போச்சுன்னா, நான் சொன்னபடிதான். அங்கியே ரெஜினா போயி உக்காரணும்."

"சரிங்க" என்றேன். என்னைக் கேட்டால் அப்போது எதற்கும் சரி என்றிருப்பேன்.

கண்ணுக்கு அழகு

அக்கா வாசிப்பதைச் செல்ஃபோனில் பதிவு செய்து போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. போட்டுப் பார்த்தோம். கோயில் ஸ்பீக்கரில் தகர டப்பா சத்தம். அதோடு, பதிவு செய்ததைப் பெண்ணின் நடைக்குத் தக்கபடி நீட்டினால் இழுவையாகிவிடும். சுரங்களாக எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் எந்த வேகத்திலும் சுத்தமாக வாசிக்கும்.

அதற்கென்று இலவசமாகவே ஒரு மென்பொருள் கிடைத்தது. ஐந்து கோடுகளுக்கு நடுவில் சுரங்களைத் தட்டினால் அதுவே வாசித்துக் காட்டும். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அக்கா சுரம் எழுதித் தந்த தாளைப் பார்த்துத் தட்டினேன். முடித்தபோது பக்கம் அச்சடித்த புத்தகம் போல இருந்தது. பல்லவி வந்ததும் "2 முறை" என்று சின்ன எழுத்தில் போட்டேன். கடைசி வரிக்கு மேல் "மெதுவாக" என்று சாய்வெழுத்து. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற கார்டுகளின் பெயர்களை வரிசை பிசகாமல் மேலே அடுக்கினேன். பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாடகர் குழு கூடியது. அக்காவும் வந்தாள். எங்கிருந்தோ சூசை மாமாவும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். பட்டனை அழுத்தினேன்.

சைகைச் சுரம் இல்லாமல் பாட்டு தடாலென்று ஆரம்பித்தது. குழு பாதி வார்த்தையில் ஓடி வந்து ஏறியது. இடது கைச் சுரங்களை நான் எழுதியிருந்தேன், மேலே போட்ட கார்டு பெயர்களையும் கம்ப்யூட்டர் சுரங்களாக்கிச் சேர்த்து வாசித்தது. பாடகர்களின் குரலே கேட்கவில்லை. பல்லவியை ஒரே ஒரு முறை வாசித்துவிட்டு அது சரணத்துக்குப் போனது, இவர்கள் இரண்டாம் முறை பல்லவியில் நின்றார்கள். கடைசி வரியில் ஒரு துளி மெதுவாகவில்லை. லூர்து அண்ணன் கையைத் தூக்கியபடியே நின்றார்.

கம்ப்யூட்டருக்கு "2 முறை" என்பது வெறும் படம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அதற்கென்று உள்ள மறுமுறைக் கோட்டைப் போட்டால்தான் அது திரும்பும். "மெதுவாக" என்று எழுதினால் போதாது, வேகத்தை எண்ணாகச் சொல்ல வேண்டும். நான் பத்திரிகை அடிக்கிற புத்தியில் கண்ணுக்கு அழகு பார்த்திருந்தேன். காதுக்கு ஒன்றுமே செய்யவில்லை.

சூசை மாமா எழுந்து வந்தார். கேலி செய்திருந்தாலாவது திருப்பிக் கொடுத்திருப்பேன். "வுடும்மா, எதுக்கு இந்தத் தலவலி?" என்று பரிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். "வேண்டாம் புஷ்பா. நானே வாசிச்சர்றன். கண்ணாடியில பாத்துக்கறன்."

"கண்ணாடியில பாக்கறதுக்கா பெத்த?" என்று கத்திவிட்டேன். சைக்கிள் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கண் கலங்கிவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது, கோபத்தில் அதை விழுங்கினேன்.

சிலுவை போடுகிற இடம்

எல்லாவற்றையும் பிரித்துத் திருத்தினேன். மறுமுறைக் கோடுகள், கடைசி வரிக்கு வேகக் குறைப்பு, கார்டுகளுக்கு வாய்ப்பூட்டு, பாட்டுக்கு முன்னால் அந்தப் பெருவிரல் சுரமும் ஒரு நொடி வெறுமையும். கடையில் போட்டுக் கேட்டபோது ஒரு குறையும் இல்லை. ஆனால் லூர்து அண்ணனை வரவழைத்துப் பாடச் சொன்னால் அவருக்கு மூச்சு வாங்கியது.

"நோட்டெல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா இது ரெஜினா இல்லீங்க. இது நம்மளத் தொரத்துது."

சரி என்று அக்காவை வாசிக்கச் சொல்லி, கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்தேன். அவள் விரல் பட்டபடியே சுரங்கள் திரையில் வந்து விழுந்தன. கறிவேப்பிலையைப் பொடியாக அரிந்து கொட்டியது போல ஒரே துண்டும் துணுக்கும். என் குணம் சும்மா இருக்குமா? அத்தனையையும் நேர்படுத்தும் கட்டளை ஒன்று இருந்தது. கொடுத்தேன். பக்கம் மறுபடி அழகானது, அக்கா மறுபடி காணாமல் போனாள்.

இந்த முறை திருத்தியதை அழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அவள் வாசித்ததை மட்டும் கேட்டேன். வரி முடியும்போதெல்லாம் பாட்டிகள் இழுத்து முடிப்பதற்கு அவள் கொஞ்சம் காத்திருக்கிறாள். லூர்து அண்ணனின் ஆஸ்துமாவுக்கு ஓர் இடத்தில் வழி விடுகிறாள். மூன்றாம் சரணத்துக்கு முன்னால் மட்டும் ஏறக்குறைய நின்றே போகிறாள்.

"இங்க எதுக்கு நிறுத்தற?" என்று கேட்டேன்.

"நிறுத்தறனா? நானா?" அவளுக்கே தெரியவில்லை. திரும்ப வாசித்துப் பார்த்தாள். கை அந்த இடத்தில் நின்றது. கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது.

"ஏன்டி, சிலுவை போடற எடம் இது."

எங்கள் கோயிலில் பெண் வீட்டார் முன்வரிசையில் உட்கார மாட்டார்கள். நடுத்தூணுக்குப் பக்கத்துப் பெஞ்சுதான் அவர்களுக்கு. பெண் அங்கே வந்ததும் நிற்பாள். வீட்டில் மூத்தவர் எழுந்து அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்து அனுப்புவார். அதுவரை அக்கா ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக் காத்திருப்பாள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் அப்படிக் காத்திருந்தவள்.

அவள் காத்திருந்த ஒவ்வொரு இடத்தையும் நான் சுரத்துக்குச் சுரம் கையால் எழுதினேன். நடுத்தூணில் நீள நிறுத்தக் குறி, அது முடிந்ததும் மறுபடி அந்தப் பெருவிரல் சுரம். தாளில் அச்சடித்தால் யாருக்கும் புரியாத அசிங்கமான பக்கம். லூர்து அண்ணன் அதைக் கேட்டபடி பாடி முடித்துவிட்டு, "வந்துட்டா" என்றார்.

சூசை மாமாவுக்கு இது எட்டியதும் அவர் முறுக்கிக்கொண்டார். "எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்கல்ல, சிலுவையும் அவங்களே போட்டுக்கட்டும். நான் எந்திரிக்கறதா இல்ல" என்று யாரிடமோ சொல்லியனுப்பினார். அதைக் கேட்டதிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

நடுத்தூண்

இப்போது கண்ணாடிக்குத் திரும்பலாம்.

பெருவிரல் சுரம் ஒலித்தது. ஒரு நொடி. குழு ஒரே குரலாக எழுந்தது. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது.

அன்று காலையில் நான் கடைசியாக இரண்டு காரியம் செய்திருந்தேன். ஜெனியின் பட்டுச் சேலை கனத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் நடப்பாள் என்று பாட்டின் மொத்த வேகத்தையும் குறைத்தேன். பிறகு, சிலுவைக்கு நேரம் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் நடுத்தூண் நிறுத்தத்தையும் நீட்டினேன். வேகத்தைக் குறைத்தால் நிறுத்தமும் கூடவே நீளும் என்பது அந்தப் பதற்றத்தில் புத்தியில் ஏறவில்லை. திரும்பப் போட்டுக் கேட்கவும் நேரமில்லை.

முதல் சரணம் போனது, இரண்டாம் சரணமும் போனது. கண்ணாடியில் அவர்கள் பெரிதாகிக்கொண்டே வந்தார்கள். அக்கா யாரையும் பார்க்காமல் நேராக நடந்தாள். பெஞ்சுகளில் சில தலைகள் ஒன்றையொன்று தேடிக் குனிந்தன.

நடுத்தூணுக்கு வந்து இருவரும் நின்றார்கள். பாட்டும் நின்றது.

பெஞ்சு ஓரத்தில் சூசை மாமா பீடத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எழவில்லை.

கம்ப்யூட்டர் வாசித்த கடைசிக் கார்டு மெல்ல மெல்லத் தேய்ந்தது. அக்கா வாசித்தால் காலால் பெடலை மிதித்து அந்த ஓசையைப் பிடித்து வைத்திருப்பாள். நான் கொடுத்திருந்த பியானோ ஓசைக்கு அந்தப் பிடிமானம் இல்லை. தேய்ந்து தேய்ந்து ஒன்றுமே இல்லாமல் போனது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கியது.

நின்றே போய்விட்டதா? நீண்டிருக்கிறதா? திரையைப் பார்த்தேன். நிறுத்தத்தின் மேல் நீலக் கோடு அசையாமல் நின்றது. கம்ப்யூட்டர் ஹேங் ஆகித் தொங்கிப்போனாலும் அப்படித்தான் நிற்கும். பட்டனைத் தொட்டால், ஓடிக்கொண்டிருப்பது நின்றுவிடும். தொடாமல் விட்டால், நின்றுபோனது அப்படியே கிடக்கும். லூர்து அண்ணன் என்னைப் பார்த்தார். குழு முழுக்க என்னைப் பார்த்தது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். அருள் மாமாவையும் கூப்பிட்டேன்.

சூசை மாமா எழுந்தார். நடைபாதையில் கால் வைத்தார். அந்த அமைதியில் அவர் தாழ்ந்த குரலில் பேசியதும் எனக்குக் கேட்டது.

"நின்னுபோச்சு ரெஜினா. நீ போயி வாசி. நான் கூட்டிட்டுப் போறன்." ஜெனியின் கையை வாங்க வலது கையை நீட்டினார்.

சரிங்க மாமா என்று சொல்லிவிடுவாள். அவளை எனக்குத் தெரியாதா? நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இருங்க மாமா" என்றாள் அக்கா. "வரும்."

கண்ணைத் திறந்தேன். அவள் கையை விடவில்லை. சூசை மாமாவின் கை நீட்டிய இடத்திலேயே நின்றது. ஊரே பார்க்கிறது, நீட்டிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜெனி ஓர் அடி முன்னால் வந்து அந்தக் கைக்கு நேராகத் தலையைக் குனிந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நீட்டிய கை மெதுவாக மேலே போனது. கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். விரலை எடுக்கும்போது அவர் முகம் கோணியது. தம்பியை நினைத்திருப்பார்.

அப்போது அந்த அடிச்சுரம் ஒலித்தது. ஒரு நொடி வெறுமை. மூன்றாம் சரணத்தை இந்த முறை குழு மட்டும் பாடவில்லை, பெஞ்சுகளும் சேர்ந்து பாடின. சூசை மாமா தன் இடத்துக்குப் போய் நின்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அக்காவும் ஜெனியும் பீடம் போய்ச் சேர்ந்தபோது நான் பட்டனிலிருந்து விரலை எடுத்துப் பார்த்தேன். விரல் வளைந்தது வளைந்தபடியே இருந்தது.

ஜெனி மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பும் முன் என் கடைக்கு வந்தாள். ஆல்பத்துக்கு அட்டை எப்படி இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் அந்த நிறுத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்குப் பயமே இல்ல சித்தி" என்றாள். "அம்மா இடது கையால என் கையைப் புடிச்சிருந்தாங்கல்ல? அவங்க பெருவிரல் என் மணிக்கட்டுல ஒரு அழுத்து அழுத்துச்சு. அப்பறந்தான் ஸ்பீக்கர்ல சத்தமே வந்துச்சு."